சின்னவளும் நேர்முகத்துக்கு வந்தாள்

ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சி சொன்ன அன்று சலவைக் கடைக்காரியின் மகள் இரண்டு பேராக வீடு திரும்பினாள். ஒருத்தி பத்தாம் வகுப்புப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி, கணக்கில் முப்பத்தெட்டு வாங்கியவள், பழைய பையோடு பின்னால் வந்து செருப்பைக் கழற்றினாள். அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு தட்டை எடுத்து வைத்தார். பெரியவள், சின்னவள் என்று கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். பெரியவளுக்கு வயது ஏறியது. சின்னவளுக்குப் பதினான்கிலேயே நின்றது.

ஒன்பதாம் வகுப்பு வருஷம் முழுக்க அம்மா முதுகு பிடித்துப் படுக்கையில் இருந்தாள். பள்ளிக்குப் போகும் முன் கடையைத் திறந்து துணி தேய்த்தது மகள்தான். அம்மா எழுந்து நடமாடி வெகுகாலமாகியும் சின்னவளுக்கு அது தெரியவில்லை. விடியும்போதே போய் இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்குவாள். "எனக்குச் சரியாயிடுச்சு, போய்ப் படுடி" என்றால், "நீ குனியாதம்மா" என்பாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சின்னவளின் மதிப்பெண் ஏறினால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று அப்பா டியூஷன் வைத்துப் பார்த்தார். சாயங்காலம் சின்னவள் எல்லாக் கணக்கையும் சரியாகப் போடுவாள், காலையில் ஒன்றும் நினைவிருக்காது. "சார், நான் முடிஞ்சுபோன வருஷத்துக்குப் பாடம் எடுத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு டியூஷன் வாத்தியார் வருவதை நிறுத்திக்கொண்டார்.

பெரியவள் அதற்குப் பிறகு எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்தாள். வேதியியல் படிக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு கல்லூரியில். அந்தக் கல்லூரி கடைசி வருஷத்தை மட்டும் பார்ப்பதில்லை, ஒன்பதிலிருந்தே பார்க்கும். நான்கு வருஷமும் நேர்முகத்துக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு மூன்றும் பெரியவளுக்குள்ளேயே இருந்தன; ஒன்பதாவதுதான் சின்னவளாக வெளியே நின்றது. வீட்டில் யோசித்து, பின்தங்கிய வருஷம் என்று தெரியாதபடி சின்னவளுக்குக் கடைக்குத் தேய்க்க வந்திருந்த கோட்டு ஒன்றையும் அம்மாவின் குதிகால் உயர்ந்த செருப்பையும் மாட்டி, வயது கூட்டிக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தோளில் தலையணை உறையை மடித்து வைத்தும் கோட்டு முழங்காலைத் தொட்டது. பஸ்ஸில் பெரியவள் வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். கல்லூரி வாசலில்தான் அவளிடம் பேசினாள்.

"உள்ள போய் வாயைத் திறக்காத. என் மானத்தை வாங்காத."

"சரிக்கா" என்றாள் சின்னவள்.

நேர்முக அறையில் பேராசிரியை கேட்டதற்கெல்லாம் பெரியவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். பிறகு பேராசிரியை கோட்டுக்காரியைக் காட்டி, "இந்த வருஷம் என்னம்மா ஆச்சு?" என்றார். "அப்போ விளையாட்டுப் புத்தி மேடம்" என்று சொல்வதாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள் பெரியவள். வாயெடுத்தவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். அந்த வருஷம் வகுப்பில் தூங்கியதைப் போலவே வாய் லேசாகத் திறந்திருந்தது. தலை சரிந்து, நாற்காலியிலிருந்து விழப் போனாள். பெரியவள் ஓடிப் போய் அந்தத் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலத்தில் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. உச்சந்தலை கதகதவென்றிருந்தது.

"மெதுவாப் பேசுங்க மேடம். விடியறதுக்கு முன்னாடி எழுந்தவ. அந்த வருஷம் எங்கம்மாவால எழுந்திருக்கவே முடியல. இவதான் கடையைப் பார்த்தா, வீட்டைப் பார்த்தா. இவ இல்லன்னா நான் பத்தாவதுக்கே வந்திருக்க மாட்டேன்."

மிச்சக் கேள்விகளைப் பேராசிரியை குசுகுசுவென்று கேட்டார்.

சீட் கிடைத்தது. விடுதிக் காப்பாளர் இருவரையும் பார்த்துவிட்டு, கட்டில் ஒன்றுதான், சின்னது சுவர்ப் பக்கம் படுக்கட்டும், இல்லாவிட்டால் உருண்டு விழும் என்றார். சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து அறைப் பெண் பக்கெட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒன்பதாவதா?"

"ஆமா."

"என்னோடது பத்தாவது. வெட்கமா இருக்குன்னு வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். வாசல்ல நின்னு ஒரே அழுகை."

பெரியவள் நகர்ந்து அவளுக்குக் கட்டிலில் இடம் விட்டாள்.

"லீவுக்குப் போறப்ப கூட்டிட்டு வந்துடு. இவளுக்கும் பேச ஆள் வேணும்ல."