பா, பாலம் வருது

அப்பா இறந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. மருத்துவமனைத் தாளின்படி இருபத்தைந்து மணி நேரம் பத்து நிமிடம். நடுவில் இருந்த ஐம்பது நிமிடங்களைப் பற்றி யோக் லின்னுக்கு மட்டுமே தெரியும்.

"பாலம் வருது. சொல்லு," என்றான் அண்ணன் கா மெங்.

அவள் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தாள். வேனின் பின்பகுதியில் அப்பா மஞ்சள் துணிக்கடியில் படுத்திருந்தார். கால்மாட்டில் அவருடைய தொப்பியை அம்மா வைத்திருந்தாள்.

"பா, பாலம் வருது. பெர்னாம் ஆறு."

"சத்தமா சொல்லு. உனக்குக் கேட்டா போதுமா?"

"பா! பாலம்! தாண்டப் போறோம், பயப்படாம வாங்க!"

வேன் பாலத்தில் ஏறி இறங்கியது. சிலாங்கூர் முடிந்து பேராக் தொடங்கியது. கா மெங் மடியிலிருந்த அரிசி டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதில் நட்ட ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

வெளியூரில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பாலத்தையும் திருப்பத்தையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சொல்லாவிட்டால் ஆவி தண்ணீரைத் தாண்டாமல் அந்தக் கரையிலேயே நின்றுவிடும். ஊதுபத்தி மகனுடைய பொறுப்பு. குரல் யாருடையது என்று காலையில் பேச்சு வந்தபோது அம்மா யோசிக்கவே இல்லை. "கடைசியா கூட இருந்தவ அவதான். அவ கூப்பிட்டாத்தான் வருவாரு."

யோக் லின் வேதியியல் படித்தவள். ஆவி ஆற்றுக்குப் பயப்படும் என்று அவள் நம்பவில்லை. ஆனால் அம்மா நம்பினாள். அப்பாவும் நம்பினார்.

காலையில் பிணவறையின் பின்வாசலில் பூசாரி அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்தார். "லியோங் செக் லொய், எழுந்து வாங்க, வீட்டுக்குப் போகலாம்." பிறகு இரண்டு இருபது சென் காசுகளைத் தட்டில் போட்டார். ஒன்றில் பூவும் ஒன்றில் எண்ணும் விழுந்தால் அவர் வந்துவிட்டார் என்று பொருள். இரண்டும் பூ. மறுபடி இரண்டும் எண். ஆறு முறை போட்டும் வரவில்லை. ஏழாவது முறை வந்தது. பூசாரி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

ஆறு முறை தொடர்ந்து தவற அறுபத்து நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. நடக்கக்கூடியதுதான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அப்பா அந்த மருத்துவமனையில் இறக்கவில்லை. பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில், அணையைத் தாண்டி, மூங்கில் சரிந்து நிற்கும் ஒரு வளைவில், காருக்குள் இறந்தார். அவள் வந்து தொட்டபோதே நாடி இல்லை. இருந்தும் ஐம்பது நிமிடம் கீழே ஓட்டினாள். கோலகுபு பாருவில் டாக்டர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கா மெங் ஜொகூரிலிருந்து போனில் கேட்டது ஒரே கேள்வி.

"ஆஸ்பத்திரியிலயா?"

"ம்."

அவ்வளவுதான் அவள் சொன்ன பொய். இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும்: நீ அப்ப எங்க இருந்த?

தஞ்சோங் மாலிமில், ஆவியில் வேகவைத்த ரொட்டி விற்கும் பாவ் கடை வந்தது. மூடுபனி போல் நீராவி வாசலுக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. வேனை ஓட்டிய சியோங் அங்கிள் கண்ணாடி வழியே பின்னால் பார்த்தார். அவர்களைப் போலவே கம்பார்க்காரர். அப்பாவைத் தெரிந்தவர்.

"இந்தக் கடையத் தாண்டி உங்க அப்பா நிக்காம போறது இதுதான் முதல் தடவன்னு நெனைக்கிறேன்."

"கறி பாவ் ரெண்டு, பயறு பாவ் ஒண்ணு," என்றாள் அம்மா, ஜன்னலைப் பார்த்தபடி. "எனக்கு வாங்கறேன்னு சொல்லுவாரு. வீட்டுக்கு வர்றது வெறும் தாளுதான்."

"ரோட்ல அவர் காருக்குப் பின்னால மாட்டிக்கிட்டா நாங்க சாமியக் கும்பிட்டுக்குவோம் அண்ணி. அறுபதுக்கு மேல மிதிக்கவே மாட்டாரு."

"அறுபதா? ஐம்பது."

கா மெங்குக்குச் சிரிப்பு வந்து நின்றது. அப்பா தபால் அலுவலகத்தில் ஓய்வு பெற்ற பிறகு ஞாயிறுதோறும் யோக் லின்னுடன் கிளம்பிவிடுவார். நெடுஞ்சாலையில் ஏறமாட்டார். அவருடைய நோட்டில் இடப்பக்கம் பறவை, வலப்பக்கம் சாப்பாடு. இடப்பக்கம் எதுவும் இல்லாத நாளில் வலப்பக்கம் இரண்டு பங்கு இருக்கும். அம்மாவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. அவள் ஒருநாளும் கூடப் போனதில்லை.

"உன் போனக் கொடு," என்றான் கா மெங். "மண்டபத்துல வைக்க பா படம் வேணும். உங்கிட்டத்தான் நெறைய இருக்கும்."

"சார்ஜ் இல்ல."

அந்த நேரம் பார்த்து அவள் பைக்குள் போன் ஒலித்தது. ஒரு செய்தி. பிறகு இன்னொன்று. கா மெங் அவளைப் பார்த்தான். அவள் பையை மடியில் இன்னும் நெருக்கமாக வைத்துக்கொண்டாள். போனில் நேற்றைய ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அதை அவள் இன்னும் கேட்கவில்லை.

"வீட்டுக்குப் போயி தரேன்."

"என்னடி ஆச்சு உனக்கு? நேத்துலருந்து ஒரு கேள்விக்கும் முழுசா பதில் வரல."

"விடு அவள," என்றாள் அம்மா. "ரோட்டப் பாரு. திருப்பம் வருது."

"பா, திருப்பம். எடது பக்கம்."

காலி இடத்தைப் பார்த்துப் பேசுவதாக அவளுக்குத் தோன்றியது. வேன் வடக்கே போகப் போக அந்த வளைவு தெற்கே தள்ளிப் போனது. அம்மா ஒவ்வொரு பாலத்திலும் திரும்பித் தொப்பியைப் பார்த்தாள். வருகிறாரா என்று பார்ப்பது போல.

சிலிம் ரீவர் வருவதற்கு முன்னால் ஊதுபத்தி அணைந்தது.

கா மெங் லைட்டரைத் தட்டினான். பிடித்தது. அரை நிமிடத்தில் மறுபடி அணைந்தது.

"ஏசி காத்து," என்று யோக் லின் கையை நீட்டி மேலிருந்த துவாரத்தை மூடினாள்.

மூன்றாவது முறையும் அணைந்தது. சியோங் அங்கிள் வேகத்தைக் குறைத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் ஓரமாக நிறுத்தினார்.

"பாவ் கடையில எறங்கிட்டாரோ," என்றார் அங்கிள். அவருக்கே அது சரியாகப் படவில்லை. "சும்மா சொன்னேன் அண்ணி."

அம்மா சிரிக்கவில்லை. மஞ்சள் துணியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "இவரு வரல. முதல்லயே தெரியும் எனக்கு. காலையில அந்தக் காசு ஆறு தடவ சொல்லுச்சு, பூசாரி கேக்கல."

"மா, ஏழாவது தடவ வந்துச்சே," என்றான் கா மெங்.

"ஏழு தடவ கேட்டா நீயும் ஆமான்னுதான் சொல்லுவ."

தன் நாற்பத்தோரு வயதில் அம்மா அழுது யோக் லின் பார்த்தது குறைவு. இப்போதும் அழவில்லை. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தண்ணிக்கு அந்தப் பக்கம் நின்னுட்டு இருப்பாரு. எந்தத் தண்ணின்னுதான் தெரியல," என்றாள்.

"மா."

யோக் லின் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"பா ஆஸ்பத்திரியில சாகல. மலையில. அணைக்கு மேல ஒரு வளைவுல. கார்லயே."

லைட்டர் கா மெங்கின் கையிலிருந்து நழுவி இருக்கைக்கடியில் போனது.

"நீதான சொன்ன?"

"நீ கேட்ட. நான் ம்னு சொன்னேன்."

"ம்னு சொன்னியா? பூசாரியக் கூட்டி வந்து, தப்பான எடத்துல நின்னு கூப்பிட வச்சேன், நீ பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்த! ஏன் சொல்லல?"

"எந்த வளைவு? தெரியுமா உனக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"தெரியும்."

"திருப்புங்க," என்றாள் அம்மா சியோங் அங்கிளிடம்.

அங்கிள் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். "அண்ணி, பொணம் ஏத்துன வண்டி வந்த வழியே திரும்பாது. யாரும் செய்யமாட்டாங்க. நீங்க வீட்டுக்குப் போங்க. பையனும் பொண்ணும் நாளைக்குப் போயிக் கூட்டிட்டு வரட்டும்."

"அஞ்சு மணிக்குள்ள பெட்டியில வைக்கணும்," என்றான் கா மெங். "பெட்டியில யார வைக்கிறது? வெறும் ஒடம்பயா?"

"தம்பி, எனக்கும் குடும்பம் இருக்கு."

"சியோங்," என்றாள் அம்மா. "இந்த மனுஷன் மரத்துல ஏதோ அசைஞ்சுச்சுன்னா அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸ்ல போவாரு. அதைச் சொல்லக் கேட்டாலே எனக்கு வாந்தி வரும். அவரு திரும்பாத ரோடு இந்த ஊர்ல கெடையாது. ஒரு தோஷமும் வராது. வந்தா என் தலையில வரட்டும்."

அங்கிள் மணியைப் பார்த்தார். பன்னிரண்டே கால். இண்டிகேட்டரைப் போட்டார்.

திரும்பும் வழியில் பெர்னாம் பாலம் வந்தபோது யோக் லின் பழக்கத்தில் பின்னால் திரும்பினாள். "வேண்டாம்," என்றாள் அம்மா. "யாருகிட்ட சொல்லப் போற?"

அணையைத் தாண்டியதும் பாதை ஏறத் தொடங்கியது. அம்மா பிளாஸ்டிக் பையை வாயருகே பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் அண்ணன் யோக் லின்னின் முகத்தைப் பார்த்தான். இதுவா? அவள் தலையசைத்து மறுத்தாள். இதுவா? இல்லை. மணி ஒன்றே முக்காலைத் தாண்டியது.

"இங்க."

வேன் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் மறுபடி பிடிக்காமல் போகுமோ என்று அங்கிளுக்குப் பயம்.

சாலையோரப் புல்லில் ரம்புத்தான் தோல்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. பத்துப் பதினைந்து இருக்கும். சிவப்பு போய்க் கறுத்திருந்தன. கார் ஜன்னலிலிருந்து கை எட்டும் தூரம்.

அம்மா குனிந்து ஒரு தோலைத் தொட்டாள். "சக்கர இருக்குன்னு டாக்டர் சொன்ன ஆளு."

கா மெங் இரண்டு காசுகளை எடுத்தான். பிஸ்கட் டின்னின் மூடியைத் தரையில் வைத்து அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தான். காசுகளைப் போட்டான். இரண்டும் எண். மறுபடி போட்டான். இரண்டும் பூ. மூன்றாவதும் வரவில்லை.

"நீ கூப்பிடு," என்றாள் அம்மா.

யோக் லின் சாலையின் வளைவைப் பார்த்தாள்.

"எங்க இருந்த நீ?" என்று கேட்டாள் அம்மா.

"அங்க. அந்த வளைவுக் கல்லுகிட்ட. இருபது அடி. முட்டி வலிக்குதுன்னு பா எறங்கல."

"என்ன பண்ணிட்டிருந்த?"

"கவச இருவாச்சி கூவுச்சு. பா பதினோரு வருஷமா தேடின சத்தம். மொதல்ல ஒண்ணொண்ணா கூவும், அப்புறம் வேகமாகும், கடைசியில மனுஷன் மாதிரி சிரிக்கும். முழுசா ரெகார்ட் ஆனதே இல்ல. போயி எடு போயி எடுன்னு பாதான் தள்ளி விட்டாரு."

"சரி."

"சிரிக்கப் போற நேரம். பா கூப்பிட்டாரு."

கா மெங் காசுகளைக் கையில் வைத்தபடி நிமிர்ந்தான்.

"என்னன்னு?" என்றாள் அம்மா.

"ஆ மொய்னு, என்னை எப்பவும் கூப்பிடற மாதிரி. அப்புறம் இன்னொரு தடவ. ஆ மொய்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல மா. திரும்பிக்கூடப் பாக்கல. சத்தம் கெட்டுடும்னு, சும்மா இருங்க பான்னு கையக் காட்டினேன்."

அவள் வேனுக்கு முதுகைக் காட்டி நின்று, வலது கையைப் பின்பக்கமாகத் தூக்கி, உள்ளங்கையை விரித்தாள்.

"இப்படி."

வேனுக்குள் இருந்த சியோங் அங்கிள் அந்தக் கை தனக்குத்தான் என்று நினைத்து எஞ்சினை அணைத்தார்.