ராஜாவை மூழ்கடிக்கும் வேலை

"இவனுக்கு மூளை கட்டைவிரல்ல இருக்கா, இல்ல எங்கயுமே இல்லையா?" என்று மனைவி கேட்டபோது அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கேள்வி அவரிடம் இல்லை, கையிலிருந்த போனிடம். ஆனாலும் அவருக்கு மூன்றாவது பொத்தான் நான்காவது துளைக்குள் போய்விட்டது.

போனில் வழக்கமான விளம்பரம். பள்ளத்துக்குள் குண்டு ராஜா ஒருவர் கைகளை ஆட்டிக்கொண்டு நிற்கிறார். தலைக்கு மேலே தொட்டி நிறையத் தண்ணீர், பக்கவாட்டில் ஒரு ஏணி. இரண்டையும் ஆளுக்கொரு ஊசி தடுத்துக்கொண்டிருக்கிறது. ஏணி ஊசியை இழுத்தால் ராஜா பிழைப்பார். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். திரையின் ஓரத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வருகிறது, ஏணிப் பக்கம் போகிறது, யோசிக்கிறது, திரும்பி வந்து தண்ணீர் ஊசியைப் பிடுங்குகிறது. ராஜா குமிழி விடுகிறார். 'உங்களால் முடியுமா?' என்று எழுத்து வருகிறது.

அந்தக் கட்டைவிரல் அவருடையது.

மனைவிக்கு அது தெரியாது. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் பிழை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். முழுப்பொய்யும் இல்லை. இருபத்தாறு வருஷம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற, நோயாளி முதல் வேலையாகத் தூக்கி எறிகிற தாளில் பிழை திருத்தியவர். அந்த வேலை போனபின் அதே வேலை கேட்டுத்தான் இந்த கேம் கம்பெனிக்கு வந்தார். காத்திருக்கும்போது பொழுது போகட்டுமென்று, விளம்பரத்துக்காகவே செய்த ராஜா ஆட்டம் இருந்த ஒரு போனைக் கொடுத்தார்கள். அரைமணி நேரத்தில் பதினோரு தடவை ராஜாவைக் கொன்றார். கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர், அவருடைய மகன் வயது இருக்கும், வெளியே வந்து மரியாதையாகக் கேட்டான்: "சார், நீங்க இயற்கையாவே இப்படித்தானா?"

அன்றே வேலை கிடைத்தது. நாற்காலி, அடையாள அட்டை, கட்டைவிரலுக்குப் பவுடர் போட ஒரு பெண்மணி. நகத்தின் நடுவில் பீரோ கதவு கடித்த பள்ளம் ஒன்று உண்டு. அது தெரியாதபடி அந்தம்மா தினமும் பூசி மெழுகிவிடுவார். மணப்பெண்ணுக்குக்கூட அவ்வளவு பார்க்கமாட்டார்கள்.

மேனேஜரின் அட்டையில் 'மனக்கிளர்ச்சிப் பிரிவுத் தலைவர்' என்று போட்டிருந்தது. அந்தப் பிரிவில் தலைவரும் கட்டைவிரலும்தான் இருந்தார்கள். கூட்டம் என்றால் பலகையில் ஒரு முக்கோணம் வரைவான். மூன்று மூலைகளிலும் எரிச்சல், ஏளனம், ஏக்கம் என்று எழுதுவான். ஜெயிக்கிறவனைப் பார்த்தால் ஜனம் கைதட்டிவிட்டுப் போய்விடும், தோற்கிறவனைப் பார்த்தால்தான் 'தள்ளு, நான் காட்டறேன்' என்று உள்ளே வரும் என்பது அவன் சித்தாந்தம். கல்யாண வீட்டுச் சமையலறையில் எட்டிப் பார்க்கிற எந்த மாமாவும் இதைச் சொல்லியிருப்பார். முக்கோணம் இல்லாமல்.

வந்த வினை வீட்டிலிருந்து வந்தது. மனைவி அந்த கேமை டவுன்லோடு செய்துவிட்டாள். உள்ளே போனால் ராஜாவைக் காணோம், கலர் கலராகக் கற்கள்தான். மூன்று ஒன்றாகச் சேர்ந்தால் வெடிக்கும். வெடித்து வெடித்து முந்நூற்று நாற்பதாவது கட்டத்துக்கு வந்திருந்தாள். "இன்னும் கொஞ்சம் போனா ராஜா வந்துடுவார்னு நெனைக்கறேன்" என்பாள். அவர் ஒருநாள் மேனேஜரிடம் மெல்லக் கேட்டார்.

"கேம்ல ராஜாவே கிடையாது சார்."

"அப்ப விளம்பரத்துல?"

"விளம்பரத்துல இருக்காரே," என்றான் அவன், குழந்தைக்குச் சொல்வதுபோல. பொய் எங்கே இருக்கிறதென்று அவரும் தேடிப் பார்த்தார். பிழை பார்த்த கண்ணுக்கே சிக்கவில்லை.

இதற்கிடையில் அவர் செய்த காரியம் ஒன்று. வாங்குகிற சம்பளத்துக்குத் துரோகம் கூடாதென்று ஆபீஸ் போனில் உட்கார்ந்து பயிற்சி எடுத்தார். சரியான வழி தெரிந்தால்தானே தப்பான வழியில் ஒழுங்காகப் போக முடியும்? ஒரு மாதத்தில் எந்த ராஜாவையும் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றத் தெரிந்துவிட்டது. ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல் என்பார்கள். இவருக்கு ஆடத் தெரிந்ததுதான் கோணலாகப் போயிற்று. அதன்பின் எடுத்த மூன்று விளம்பரங்களையும் யாரும் சீந்தவில்லை.

"விரல் நடிக்குது சார்," என்றான் மேனேஜர். "முன்னாடி நெஜமா தடுமாறும். இப்ப தடுமாறுற மாதிரி காட்டுது." வெள்ளிக்கிழமை இன்னொரு படப்பிடிப்பு, அதுவும் சரிவராவிட்டால் வேறு விரல் பார்க்க வேண்டியிருக்கும் என்று, வருத்தமாகவே சொன்னான்.

ஐம்பத்திரண்டு வயதில் தோற்கத் தெரியவில்லை என்று வேலை போவதை வெளியே எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் மனைவியும், ஒன்றும் தெரியாமல், அதையே சொன்னாள்.

"முன்ன வந்தவன் நல்ல முட்டாள். பாவமா இருக்கும், நாலு அறை விடணும்னும் இருக்கும். இப்ப எவனோ ஒருத்தன் வந்து முட்டாளா நடிக்கறான். திமிரு."

நல்ல முட்டாள் என்றதற்குச் சந்தோஷப்படுவதா, திமிர் என்றதற்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். ஆறிப்போனதைக்கூட ஊதினார்.

வெள்ளிக்கிழமை புதுக் கட்டம் கொடுத்தார்கள். அவர் பார்த்தறியாதது. இந்தத் தடவை மூன்று ஊசிகள்: தண்ணீர், ஏணி, ஒரு பெரிய பாறை. பவுடர் வேண்டாம், நிஜமாகவே இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டதால் பவுடர்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நகத்துப் பள்ளம் விளக்கு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது.

எது தப்பு என்று பார்த்தார். எல்லாமே தப்பாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் எல்லாமே சரியாகவும் தெரிந்தது. தப்பாக இழுக்கப்போய் அது சரியாகிவிட்டால்? சரியென்று தெரிந்து அதை விட்டால் அது நடிப்பாகிவிடுமே? மண்டை நூல்கண்டாகச் சிக்கியது. அப்போது முந்நூற்று நாற்பது கட்டம் தாண்டியும் ராஜாவுக்காகக் காத்திருக்கிறவளின் முகம் வந்தது. போகிற வேலைதான், ஒரே ஒரு தடவை அவள் கண் முன்னால் அந்த மனுஷன் கரையேறட்டும் என்று முடிவு கட்டினார்.

ராஜா ஏணியில் ஏறும்போது தண்ணீர் கொட்டிவிட்டால்? பாறையைத் தள்ளிவிட்டால் தண்ணீரை மறிக்கும் என்று கணக்குப் போட்டு அதன் ஊசியை முதலில் இழுத்தார். பாறை உருண்டுபோய் ஏணியை நொறுக்கியது. மிச்சமிருந்த ஒரே வழி தண்ணீர்தான். பள்ளம் நிரம்பினால் ராஜா மிதந்தபடியே மேலே வந்துவிடுவார் என்று மனமார நம்பி அதையும் இழுத்தார்.

ராஜாவுக்கு நீச்சல் தெரியவில்லை.

மேனேஜர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இதுதான் சார். இதைத்தான் கேட்டேன். எப்படி நடிச்சீங்க?" பவுடர்காரம்மாவுக்குக்கூட முகம் வாடிவிட்டது. வேலை தப்பியது. அவர் வீடுவரைக்கும் நடந்தே போனார். தோற்க வந்து, ஜெயிக்கப் பார்த்து, தோற்றதால் ஜெயித்திருக்கிறோம் என்பது வரைக்கும் புரிந்தது. இதில் தான் எந்தப் பக்கம் ஆடினோம் என்பதுதான் பிடிபடவில்லை.

பத்து நாள் கழித்து அவர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது மனைவி எதிர் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தாள். "பழைய ஆளு வந்துட்டாங்க." சிரித்துக்கொண்டேதான் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு கட்டம் வெடித்ததும் அதே விளம்பரம் மறுபடி வந்தது. இரண்டாம் தடவை சிரிக்கவில்லை. மூன்றாம் தடவை போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். பிறகு தலையைத் தூக்கி, டம்ளரைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தாள். அவர் விரலை மடக்கப் பார்த்தார். டம்ளர் சூடாக இருந்தது.

விளம்பரத்தின் கடைசியில் பார்ப்பவர்களும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கலாம் என்று இப்போது புதிதாக வைத்திருந்தார்கள். போனை மேஜைமேல் வைத்து, அவர் பக்கமாக மெதுவாக நகர்த்தினாள்.

"நீங்க இழுங்களேன்."

பாறை பழைய இடத்தில் இருந்தது, ஏணி முழுசாக இருந்தது. திரையின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல், நகத்துப் பள்ளத்தோடு, வழிகாட்டுவதுபோல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவர் தன் கட்டைவிரலைக் கொண்டுபோய் நிறுத்தினார். கீழே பள்ளத்துக்குள்ளிருந்து ராஜா இரண்டு விரல்களையும் மாறி மாறிப் பார்த்துக் கையாட்டினார்.