தகட்டின் முதுகுப் பக்கம்

அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்திருந்தாள். வலது கன்னத்தில் காயம். அங்கே கத்தியை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"சீக்கிரம் முடி. பத்து மணிக்கு வக்கீல் வர்றாரு. கொடி கொண்டு வர்றாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? போர்த்தறதுக்குத்தான்."

அவள் கத்தியைத் தண்ணீரில் அலசினாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கொண்டுவந்து முழுசா மூணு மணி நேரம் ஆகல. அதுக்குள்ள அப்பாவைக் கட்சியில சேத்தாச்சா?"

"கோட்டையைக் கழட்ட விடாம தடுக்க ஏறினாரு. அதுல செத்தாரு. ஊரே பேசுது."

"பாதி ஊரு."

"மீதிப் பாதியைப் பத்தி எனக்கென்ன?" என்றான் அண்ணன். சட்டைப் பையில் கோட்டைச் சின்னம் குத்தியிருந்தான். துக்க வீட்டிலும் அதைக் கழற்றவில்லை.

மாவட்டத்துக்கு இரண்டு பெயர்கள். ஒன்று ஆற்றின் பெயர். அதற்குச் சின்னம் கொக்கு. இன்னொன்று எப்போதோ ஆண்ட ஒருவரின் பெயர். அதற்குச் சின்னம் கோட்டை. ஆட்சி மாறினால் பெயர் மாறும். வழக்குப் போட்டால் பழையபடி திரும்பும். இருபது வருடத்தில் ஆறு முறை. கடைசி முறை இரண்டு பேருந்துகளும் தெருமுனை மருந்துக்கடையும் எரிந்தன. அவளுக்குப் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டர் வேலை. 'மாவட்டத் தலைநகர் செல்லும் பேருந்து' என்றுதான் ஒலிபெருக்கியில் சொல்வாள். எந்தப் பெயரைச் சொன்னாலும் யாராவது ஒருவன் வந்து கண்ணாடியைத் தட்டுவான்.

அப்பா நெடுஞ்சாலைத் துறையில் பலகை எழுதி மாட்டுகிற பிரிவில் இருந்தவர். எல்லையில் சாலையோரம் சுண்ணாம்பு அடித்த ஒரு கான்கிரீட் சுவர் நிற்கிறது. அதில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தகடு, அதில் பெயரும் சின்னமும். நான்கு போல்ட்டுகள். ஆறு முறையும் மாற்றியது அப்பாதான். ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. முந்தாநாள் நீதிமன்றம் கோட்டைப் பெயருக்குத் தடை போட்டது. நேற்றுக் காலை அவர் மறுபடியும் ஏணியில் ஏறினார். மூன்று போல்ட்டுகளைக் கழற்றியிருந்தபோது விழுந்தார். தகடு ஒற்றைப் போல்ட்டில் சுவரோடு சாய்ந்து தொங்கியது. கலவரம் வந்துவிடும் என்று போலீஸ்காரர்கள் அதன்மேல் படுதா போட்டு மூடிவிட்டார்கள். கொக்கை ஏற்ற ஏறினார் என்றார்கள் அவர்கள். கோட்டையைக் காக்க ஏறினார் என்றார்கள் இவர்கள்.

எதற்கு ஏறினார் என்பது அவளுக்குத் தெரியும்.

நேற்று அப்பா காலைச் சாப்பாட்டில் இருந்தபோது 'ஏணி' என்கிறவன் போன் செய்தான். அப்பாவின் வேலைக்கு வந்தவன், நெட்டையன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். துறையில் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பெரியவரே, ஆர்டர் வந்திருச்சு. பழசைக் கழட்டி அழிக்கணுமாம். கேஸ் கட்டர் எடுத்துட்டுப் போறேன்" என்று அவன் சொன்னது அவளுக்கே கேட்டது.

அப்பா கை கழுவாமல் எழுந்தார். "தொடாத. நான் வர்றவரைக்கும் தொடாத."

சட்டை மாட்டும்போதுதான் அவளிடம் சொன்னார். "அது ஒரே தகடும்மா. இந்தப் பக்கம் கோட்டை, அந்தப் பக்கம் கொக்கு. ஆர்டர் வந்தா திருப்பி மாட்டிட்டு, பழசு அழிக்கப்பட்டதுன்னு எழுதிக் குடுத்துருவேன்."

"ஏம்ப்பா?"

"எப்படியும் திரும்பி வருவானுங்க. ஒவ்வொரு தடவையும் யாரு வரையறது? கொக்குக்குக் காலு சரியாவே வரமாட்டேங்குது."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"முப்பத்திநாலு வருஷம் ஒரு மெமோ வாங்கினதில்ல. வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க. யார்கிட்டயும் மூச்சு விடாத. உங்கண்ணன்கிட்ட விடவே விடாத."

சரி என்று தலையாட்டினாள். அதுதான் அவருக்குக் கடைசியாகச் செய்து கொடுத்த சத்தியம்.

பத்து மணிக்குக் கோட்டைக்காரர்களின் வக்கீல் வந்தார். கொடி மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. பின்னால் நாற்பது பேர். தெருவின் மறுமுனையிலிருந்து கொக்குக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் கொக்குக் கொடியோடு ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். ஊரில் அவருக்கு 'வரலாறு' என்று பெயர். இரண்டு பக்கமும் பல பேர் கையில் ஹெல்மெட் இருந்தது. எல்லோரும் நடந்துதான் வந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். எதிர்வீட்டு அக்கா கொடியில் காய்ந்த துணிகளை உருவிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"தங்கச்சி, உங்கப்பா சாதாரண ஆளில்ல. எல்லையிலயே உயிரை விட்டவரு" என்றார் வக்கீல்.

"கொக்கை ஏத்தும்போது விட்டாரு" என்றார் வரலாறு. "கோர்ட்டு ஆர்டரை வக்கீல் சார் படிக்கலயோ? படிக்கத் தெரியாதோ?"

"வாத்தியாரே, உங்க கொக்கைப் போய் மீன் பிடிக்கச் சொல்லுங்க. பெத்த மகன் எங்க பக்கம் நிக்கிறான்."

"பெத்த மகன் ஏணியப் பிடிச்சானா? ஏணியப் பிடிச்ச ஆளு அதோ நிக்கிறான், அவனைக் கேளு!"

ஏணி வாசல் தூணோடு ஒட்டி நின்றான். அத்தனை உயரம் வைத்துக்கொண்டு அவனால் ஒளிய முடியவில்லை.

அண்ணன் உறையைக் கிழித்துக் கொடியை உதறினான். அது அப்பாவின் காலில் விழுந்தது. யாரோ ஒருவன் உள்ளே புகுந்து அதன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். அண்ணனும் இழுத்தான். அப்பாவின் கால் பெஞ்சிலிருந்து சரிந்து கீழே தொங்கியது. வாசலில் ஒரு ஹெல்மெட் உயர்ந்தது.

அவள் காலைத் தூக்கி மறுபடி பெஞ்சின்மேல் வைத்தாள். கையில் நுரை காய்ந்திருந்தது.

"அது ஒரே தகடு" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. இன்னும் உரக்கச் சொன்னாள்.

"ஒரே தகடு. ரெண்டு பக்கமும் எழுதி வெச்சு, ஆறு தடவையும் திருப்பித் திருப்பி மாட்டினாரு. நீங்க மாலை போட்ட கோட்டைக்கு முதுகுலயே இவங்க கொக்கு இருந்துச்சு. இவங்க கொக்குக்கு முதுகுல உங்க கோட்டை. கட்டர் வெச்சு அறுத்தா குட்டு வெளிப்பட்டுருமேன்னு ஏறினாரு. விழுந்துட்டாரு. உங்க யாருக்காகவும் சாகல."

"பொய் சொல்றா" என்றான் அண்ணன்.

"படுதாவைத் தூக்கிப் பாரு."

எல்லோரும் ஏணியைப் பார்த்தார்கள். அவன் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"எனக்குத் தெரியாதுங்க. கீழயே பாருடா, மேல பாத்தா உதைப்பேன்னாரு. தரையத்தான் பாத்துட்டிருந்தேன். அதான்... அவரு காலு வழுக்கினது எனக்குத் தெரியாமப் போச்சு."

வக்கீலின் முகம் கறுத்தது. "எல்லாத்தையும் கூட்டினா பன்னெண்டு வருஷம் நம்ம கோட்டையைச் சுவத்துல கவுத்தி வெச்சிருந்தானா?" மரியாதை போய்விட்டது.

வரலாறு மெதுவாகத் தன் கொடியைச் சுருட்டினார். "எங்க கொக்கு மூஞ்சியை சிமென்ட்டுல தேய்ச்சிருக்கான், அயோக்கியப் பய" என்றார். இருபது வருடத்தில் அவர்கள் இருவரும் ஒரே கருத்தைச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஐந்து நிமிடத்தில் தெரு காலியானது. எல்லோரும் எல்லைச் சுவரைப் பார்க்கப் போனார்கள். அண்ணன் கடைசியாக வாசலில் நின்றான்.

"செத்தவரோட மானத்த வாங்கிட்டியே."

அவனும் போனான்.

அவள் புதுத் தண்ணீர் பிடித்து வந்து வலது கன்னத்தை மழித்தாள். காயத்தைச் சுற்றி மெதுவாக, அவர் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்பது போல. ரத்தம் வரவில்லை.

தூக்குவதற்கு ஆள் இல்லை. ஏணி ஒரு மூலை, மருந்துக்கடைக்காரர் ஒரு மூலை, வண்டி ஓட்டுநர் ஒரு மூலை. நான்காவது மூலையை அவள் பிடித்தாள். ஏணியின் பக்கம் மட்டும் உயர்ந்தது. "குனிஞ்சு வாய்யா, சரியுது" என்று ஓட்டுநர் திட்டினார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, ஆஸ்பத்திரியில் கொடுத்த பை அவள் மடியில் இருந்தது. மூக்குக்கண்ணாடி, ரத்தம் பட்ட சட்டை. சட்டைப் பையில் மூன்று போல்ட்டுகள். ஒவ்வொன்றிலும் அதனதன் நட்டைப் பத்திரமாக மாட்டி வைத்திருந்தார்.

மயானம் எல்லைக்கு அந்தப் பக்கம். சுவரருகே வண்டி மெதுவாகப் போயிற்று. படுதா தரையில் கிடந்தது. கோட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. இருநூறு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவராகச் சுவரோடு கன்னத்தை ஒட்டி, ஒரு கண்ணை மூடி, தகட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க முறை வைத்து நின்றார்கள். சத்தமே இல்லை. வண்டிக்கு வழிவிட்டார்கள். வண்டிக்குள் யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து மயானத்துச் சிமென்ட் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் வந்தான். அவனுடைய வலது கன்னத்தில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. சட்டையில் சின்னம் இருந்த இடத்தில் ஊசி குத்திய ஓட்டை மட்டும் தெரிந்தது. ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தான்.

கன்னத்தைப் புறங்கையால் தேய்த்தான்.

"ஒரு காலு குட்டையா இருக்கு" என்றான். "கொக்குக்கு."

அவள் பையைத் துழாவி ஒரு போல்ட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டான். நட்டைக் கடைசிவரை முறுக்கினான். பிறகு, அதை மெல்லக் கழற்ற ஆரம்பித்தான்.