பாதி முட்டை

மருமகள் ஈஸ்வரிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், அது கிடைப்பது அரிது, பிரசவத்தில் தேவைப்பட்டால் கொடுக்க ஒருவரைத் தயாராக வையுங்கள் என்று ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ் கலைவாணி சொன்னாள். சம்பூர்ணம் அசரவில்லை.

"ஒருத்தர் இன்னா, ஒரு கொலமே வரும்."

ஒரே குலம் என்றால் ஒரே ரத்தம். அதனால்தானே அதற்குள் பெண் எடுப்பதில்லை! சந்தையன்று ஈஸ்வரியின் அப்பா சிங்காரமும் பங்காளிகளும் பிக்கப் வண்டி நிறைய வந்து இறங்கினார்கள். விரலைக் குத்திப் பார்த்ததில் விதவிதமாக வந்ததே தவிர, ஒரு நெகட்டிவ் இல்லை. குலத்துக்கும் குரூப்புக்கும் சம்பந்தமில்லை என்று கலைவாணி சொன்னதும் அத்தனை பேருக்கும் முகம் தொங்கிப்போனது.

அவர்களுக்குப் புளிச்சோறு தூக்கி வந்த சம்பூர்ணம் சும்மா தன் விரலையும் நீட்டினாள். ஓ நெகட்டிவ்!

"ஆனா உங்க ஒடம்புல ரத்தமே கம்மிங்க. இப்படியிருந்தா எடுக்க மாட்டாங்க" என்றாள் கலைவாணி.

கம்மியாகத்தான் இருக்கும். ஈஸ்வரி உண்டானதிலிருந்து முட்டை, கீரை, ஈரல் எல்லாம் அவள் தட்டுக்கே போயின. மாமியாருக்கு அடிச்சட்டிச் சோறும் மிளகாயும்தான். பாசத்தைச் சொல்லிக்காட்டினால் கெட்டுப்போகும் என்று நினைக்கிற மனுஷி அவள்.

அன்று முதல் ஈஸ்வரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, முட்டையோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"துன்னுங்க அத்தை. எனக்குத் தரவேண்டிய ரத்தம்."

"நீ துன்னு. உள்ள ஒண்ணு கீது."

"அப்போ பாதி பாதி."

மகன் விஜயராஜுக்கு அதற்கப்புறம் முட்டை கண்ணிலேயே படவில்லை. சத்து மாத்திரையும் சேர, சம்பூர்ணத்துக்கு ரத்தம் ஊறியது.

பிரசவத்துக்கு மலையிறங்கி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சம்பூர்ணம் ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வார்டு வாசலில் காவலிருந்தாள். ரத்தம் தேவைப்படாமலே பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"துன்ன முட்டையெல்லாம் வீணாம்மா?" என்று ஈஸ்வரியின் கட்டிலருகே நின்ற நர்ஸிடம் கேட்டாள்.

நர்ஸ் சிரித்தாள். விஜயராஜ் பாசிட்டிவ். குழந்தையும் பாசிட்டிவ் என்றால், அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வராமல் ஈஸ்வரிக்கு ஊசி போடவேண்டும். அதற்காகக் குழந்தையின் ரத்தத்தைப் பார்த்திருந்தார்கள்.

"ஊசி வேணாங்க. கொழந்தையும் ஓ நெகட்டிவ். அம்மா பாதி, அப்பா பாதி குடுத்தாத்தான் அது வரும். அப்பா பாசிட்டிவ்தான், ஆனா உள்ள ஒரு பாதி நெகட்டிவ் மறைஞ்சிருக்கு. அது உங்ககிட்டேருந்துதான் வந்திருக்கு."

ஈஸ்வரி படுத்தபடியே கையை நீட்டி, மாமியாரின் சுருட்டிய ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள்.

"எப்பவோ குடுத்துட்டீங்க, அத்தை. பாதி பாதி."