நிற்கும்வரை நன்றாக ஓடும் வண்டி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. என் பழைய கார் ஒரு மேட்டில் இருமி நின்றபோது கிடைத்தது. மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் பிரித்துவிட்டு, "உள்ள ஒரு குண்டு இல்லீங்க" என்றார். மிளகைவிடச் சின்ன எஃகுக் குண்டாம். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் பாய வேண்டிய பெட்ரோல் பின்வாங்கிவிடாமல் அடைத்துக்கொள்வது அதன் வேலை.

"அது இல்லாமலா இவ்வளவு நாள் ஓடுச்சு?"

"நிக்கிற வரைக்கும் நல்லா ஓடும்ங்க."

அதைக் கேட்டதும் எனக்கு ஒரு கணவன் தென்பட்டான். [குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு வேறென்ன தென்படும்?]

2
'மழை பெய்துகொண்டிருந்த மாலையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு…'

வேண்டாம். என் கதைகளில் ஏற்கெனவே நிறையப் பெட்டிகள் நனைந்துவிட்டன.

அவன் அச்சகத்தில் வேலை செய்கிறான். மனைவி நர்ஸ். மலைமேல் ஒரு மருத்துவமனையில் அவளுக்குத் தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். பேருந்து கிடையாது. இந்தக் கார் மலையேறினால்தான் வேலை. அவள் போவதில் அவனுக்கு இஷ்டமில்லை. காரைச் சரிசெய்வதும் அவன்தான்.

3
சாப்பாட்டு மேஜையில் பழைய துண்டை விரித்து, கார்புரேட்டரைப் பிரித்து, கவிழ்த்துத் தட்டி, ஊதி, பெட்ரோலில் கழுவினான்.

"இன்னிக்குச் சாப்பிட்டவங்க யாரும் தீப்பெட்டிப் பக்கம் போகாதீங்க" என்றாள் மனைவி.

ஒரு பித்தளைத் துளையை விளக்கருகே பிடித்துப் பார்த்தான். ஊசிமுனை அளவு வெளிச்சம். ஒரு குடும்பமே ஏறிய கார் இவ்வளவு சின்னத் துளை வழியாகவா மூச்சுவிடுகிறது! [நானும் பார்த்தேன். யாரும் ஊற்றவில்லை, யாரும் தள்ளவில்லை. குறுகிய தொண்டைக்குள் விரைகிற காற்றே பெட்ரோலை இழுத்துப் பனியாகத் தூவிக்கொள்கிறது. இதை எழுதும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.]

எல்லாவற்றையும் பூட்டி, இன்ஜினில் பொருத்திவிட்டு வந்து துண்டை உதறினான். மடிப்பிலிருந்து குண்டு உருண்டது.

அவன் உடனே ஓடிப்போய்…

இல்லை, ஓடவில்லை. எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். எனக்கே அவன்மேல் சந்தேகம் வந்தது இங்கேதான்.

4
"ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினாள். அவன் கார்புரேட்டரின் திருகாணியை உள்ளே திருப்பினான், இன்ஜின் தடுமாறியது. வெளியே திருப்பினான்; கனத்துக் குமுறியது. இரண்டுக்கும் நடுவே, மயிரிழையாக நகர்த்தியதில், சட்டென்று ஓரிடத்தில் எல்லாம் அடங்கியது. ஒரே சீரான மூச்சு. அவன் திருப்புளியை எடுக்கவும் பயந்தான்.

"நாடி சீரா இருக்கு டாக்டர். பேஷண்டை டிஸ்சார்ஜ் பண்ணலாமா?"

தலையாட்டினால் போதும். திங்கட்கிழமை, மலையின் முதல் வளைவிலேயே கார் இருமும். அவள் வீடு திரும்புவாள். என் வாசகிகளில் பாதிப் பேர் சந்தோஷப்படுவார்கள். அவன் அழுது மன்னிப்புக் கேட்பதாக இன்னொரு முடிவும் எழுதினேன். மூக்குச் சிந்தும் சத்தத்தில் இன்ஜின் கேட்கவில்லை. அடித்துவிட்டேன்.

அவனோ அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு நின்றான். இவ்வளவு அழகாக உயிர்பிடித்த ஒன்றைத் தன் கையாலேயே நொண்டியாக…

"ஆஃப் பண்ணு. மறுபடி பிரிக்கணும்."

"ஏங்க? நல்லாத்தானே இருக்கு?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.

அவள் குண்டைப் பார்த்தாள். பிறகு அவனை.

"இது எப்பங்க கிடைச்சுது?"

5
'இப்பத்தான்' என்று எழுதினேன். அடித்தேன். 'நீ வண்டில ஏறுறதுக்கு முன்னாடியே' என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.

துண்டை உதறியபோது நீங்களும் அவன் பக்கத்தில்தான் இருந்தீர்கள். அவன் வாயைத் திறக்கப் போகிறான். நீங்களே சொல்லுங்கள், ஆனால் அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.