இலை இல்லாத வில்லை

பேராசிரியர் அந்தக் கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நின்ற கோலத்தைப் பார்த்தால், உலகத்துக் கிருமிகள் எல்லாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டன என்றுதான் தோன்றும். தட்டில் இருந்தது அவருடைய சொந்த அண்ணனின் கால் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்த கிருமி. நடுவில் அவர் கண்டுபிடித்த மூலிகை இலைச்சாற்றில் நனைத்த ஒரு காகித வில்லை. அதைச் சுற்றிக் கிருமி செத்து, வட்டமாகத் தெளிந்திருந்தது.

"பாத்தியாம்மா? பதினெட்டு மில்லிமீட்டர்!"

ஆய்வக உதவியாளர் பதினொரு வருடமாகத் தட்டு கழுவுகிறவள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இலையே இல்லாம, வெறும் ஸ்பிரிட்ல நனைச்சு ஒரு வில்லை வெச்சுப் பாத்தோமா சார்?"

இலையின் சத்தை இறக்கியதே ஸ்பிரிட்டில்தான்; ஸ்பிரிட் தனியாகவே கிருமியைக் கொல்லும். வில்லையை நன்றாகக் காயவைத்தால் ஸ்பிரிட் பறந்துவிடும். ஆனால் மேதைக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை? ஈரத்தோடு வைத்துவிட்டார்.

"உனக்கெதுக்கும்மா அதெல்லாம்? கழுவுற வேலையப் பாரு."

பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு மூன்று வாரம் பார்த்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்த மூன்று வாரமும் அண்ணன் தினமும் காலையில் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. ஆஸ்பத்திரியில் உடனே சேரச் சொல்லியும், 'என் தம்பி மருந்து இருக்கு' என்று திரும்பி வந்தவர். ஆய்வக வராந்தா ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டுவார். அவள்தான் அந்த இலையில் செய்த பச்சைக் களிம்பைத் தடவிக் கட்டுவாள்.

"வலிக்குதாங்கய்யா?"

"துளிகூட இல்லம்மா. தம்பி கைராசி!"

கைராசியாவது ஒன்றாவது! சர்க்கரை அந்தக் காலின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது. ஆணி குத்தினாலும் அவருக்குத் தெரியாது. ஒருநாள் கட்டை அவிழ்த்ததும் அழுகல் நாற்றம் அடித்தது.

அன்றே யாரையும் கேட்காமல், அதே கிருமியைத் தடவி ஒரு தட்டு போட்டாள். ஒரு வில்லையில் இலைச்சாறு, இன்னொன்றில் வெறும் ஸ்பிரிட். மறுநாள் இரண்டைச் சுற்றியும் பதினெட்டு மில்லிமீட்டர்.

பேராசிரியர் முகம் ஒரு நிமிடம்தான் செத்தது.

"அப்போ நம்ம இலை ஸ்பிரிட்டுக்குச் சமம்! அப்படியே எழுதிடலாமே."

"அண்ணன்கிட்ட சொல்லுங்க சார்."

"என் மாநாட்டுப் பேச்சு முடியட்டும்மா."

அவர் வெட்கமில்லாமல் மாநாட்டுக்குக் கிளம்பினார். அவள் தட்டை வராந்தாவுக்குக் கொண்டுபோனாள்.

"ஒண்ணுலதான் இலை இருக்கு. எதுன்னு சொல்லுங்கய்யா."

அண்ணன் வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தாம்மா இருக்கு."

"இத்தனை நாளா உங்களுக்கு மருந்தே போடலய்யா. கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

கால் தப்பியது. மூன்று விரல் தப்பவில்லை.

"நாத்தம் எனக்கும் தெரிஞ்சுதும்மா. தம்பி மனசு நோகுமேன்னுதான் சொல்லல" என்றார் கட்டிலில் படுத்தபடி.

அப்போது தம்பியிடமிருந்தே போன்.

"அண்ணா, இன்னும் அரை மணியில நான் பேசணும். ஆறின புண்ணு போட்டோ ஒண்ணு அனுப்பேன், திரையில காட்டணும்."

அண்ணன் போனை அவள் கையில் கொடுத்தார். போர்வையை விலக்கிக் காலை நீட்டினார்.

"எடுத்து அனுப்பும்மா. சபையில எல்லாரும் விரலை எண்ணிக்கட்டும்."