வலிக்காது என்ற சொல்

செவ்வாயும் வெள்ளியும் மகளுக்கு ஊசி. இன்னும் பதினொன்று பாக்கி. நடுவில் ஒன்று தவறினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நர்ஸ் வழக்கம்போல, "வலிக்காதுடா கண்ணு" என்றாள். பஞ்சுகூட இன்னும் தோலில் படவில்லை. ஐந்து வயதுக்காரி வீல் என்று அலறி, தட்டைத் தட்டிவிட்டு மேஜைக்கடியில் போய்ப் புகுந்துகொண்டாள். மருந்துக் குப்பி தரையில் விழுந்து உடைந்தது.

அப்பாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. காவல் நாய்களைப் பழக்குவது அவர் தொழில். முந்தின நாள் தலைமுடியில் சிக்கெடுக்கும்போது அம்மா அதே வார்த்தையைச் சொல்லப்போய்ப் பிள்ளை வெலவெலத்தது ஏன் என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தை, அடுத்த நொடியே குத்து; மணியடித்துச் சோறு வைத்தால் மணிச்சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும், மணியடித்துச் சூடு வைத்தால் என்ன ஆகும் என்று நர்ஸைப் பிடித்து உலுக்காத குறையாகக் கத்தினார். "குழந்தைகிட்ட போய் எதுக்கும்மா பொய்?"

கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நான் பொய்க்காரிதான் சார். நீங்க என்ன சொல்லி இவளக் கூட்டிட்டு வர்றீங்க?"

'வா, பைக்ல ஒரு ரவுண்டு போலாம்.' ஏழு தடவையும் அவர் சொன்னது அதேதான். போன வாரம் சும்மா கடைக்குக் கிளம்பியபோது, பைக் சத்தம் கேட்டதுமே மகள் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டாள். அடம் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்திருந்தார். குளிக்கப் பிடிக்காத நாயை விசில் ஊதிக் கூப்பிட்டுக் குளிப்பாட்டிய ஓர் ஆளை, இனி அது விசிலுக்கு வருமா என்று திட்டி, வேலையைவிட்டே அனுப்பியவர் அவர்.

தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மேஜைக்கடியில் குனிந்தார்.

"பைக் ரவுண்டுன்னு அப்பா சொன்னது பொய். தப்பு என்னோடது. ஆனா ஊசி போட்டே ஆகணும். வலிக்கும்."

"எவ்ளோ நேரம்?"

அவருக்குத் தெரியவில்லை. நர்ஸைப் பார்த்தார்.

"பத்து எண்ணுற வரைக்கும்," என்றாள் அவள், வேறு குப்பியை எடுத்தபடி. "அப்புறம் சாயங்காலம் வரைக்கும் லேசா கடுக்கும்."

மகள் வெளியே வந்து கையை நீட்டினாள். அப்பாவின் மடியில் உட்கார மறுத்துவிட்டாள். எண்ணி முடிக்கும்வரை அழுதுகொண்டே அவரையே முறைத்தாள்.

வாசலில் அவர் பைக் அருகே போனதும் நின்றுவிட்டாள். "நான் வரல. நீ போ."

வீடு மூன்று தெரு தள்ளி. அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவர் பைக்கை அங்கேயே விட்டுவிட்டு, பத்தடி பின்னால் நடந்தார்.